அமைச்சரைத் தேர்ந்தெடுக்க அளவுகோல் எது?

புதுதில்லி: மத்திய அமைச்சராகப் பொறுப்பேற்பவர் குடியரசுத் தலைவர் முன்னிலையில் இரண்டு பிரமாணங்களை எடுத்துக் கொள்கிறார். ஒன்று பதவிப் பிரமாணம், மற்றொன்று ரகசியக் காப்புப் பிரமாணம். ஆனால், அவர் எதற்காக அமைச்சராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதை நாட்டு மக்களுக்கு விளக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.

தேர்தலில் போட்டியிடும் வேட்பாளரின் நிலை வேறு. உச்ச நீதிமன்றம் 2002, 2003-ம் ஆண்டுகளில் அளித்த தீர்ப்புகளின் பயனாக, வேட்பாளர்கள் தங்கள் மீதான குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம் இத்தனை கேள்விகளைக் கேட்கும் சட்டம், அவரே ஒரு துறையின் பொறுப்பை ஏற்கும்போது மெளனமாகி விடுகிறது.

இந்த மெளனம் தற்செயலானது அல்ல. குற்றத் தண்டனை பெற்றவரை அமைச்சராக்கக் கூடாது என்று அரசியல் நிர்ணய சபையில் 1948-ம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கே.டி. ஷா திருத்தம் கொண்டு வந்தார். அதன் நோக்கத்தைப் பாராட்டிய அம்பேத்கர், அதனை அரசியல் சட்டத்தில் எழுதி வைக்கத் தேவையில்லை என்றார். பிரதமர், சட்டமன்றம், பொதுமக்கள் ஆகியோரின் விழிப்புணர்வை நம்பலாம் என்பது அவரது வாதம்.

அதன்படி, பிரதமரின் ஆலோசனையின் பேரில் மற்ற அமைச்சர்களைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று மட்டும் 75-வது பிரிவு கூறுகிறது. குடியரசுத் தலைவருக்கு அளிக்கப்பட்ட ஆலோசனை குறித்து நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்கிறது 74-வது பிரிவு.

எண்ணிக்கைக்கு மட்டும் பின்னர் வரம்பு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1997-ல் கல்யாண் சிங் அமைச்சரவையில் 90-க்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். இத்தகைய "ஜம்போ' அமைச்சரவைகளைத் தடுக்க 2003-ம் ஆண்டின் 91-வது அரசியல் சட்டத் திருத்தம், அவையின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கலாகாது என வரையறுத்தது. 543 உறுப்பினர்கள் கொண்ட மக்களவையின் கணக்கில் இது 81. எத்தனை பேர் என்பதற்கு விடை கிடைத்தது. எத்தகையவர் என்பதற்குக் கிடைக்கவில்லை.

2004-ல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு பொறுப்பேற்றதும், "கறை படிந்த அமைச்சர்கள்' பிரச்னை நாடாளுமன்றத்தை உலுக்கியது. அது தொடர்பான பொதுநல வழக்கில் 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தில் இல்லாத தகுதியிழப்பை நீதிமன்றம் சேர்க்க இயலாது. எனினும் கடுமையான குற்றச்சாட்டுகள் பதிவு செய்யப்பட்டவர்களைப் பிரதமரும் முதல்வர்களும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்பதே அரசியல் சட்டத்தின் எதிர்பார்ப்பு என்று அந்த அமர்வு கூறியது. அம்பேத்கர் வைத்த அதே நம்பிக்கை 66 ஆண்டுகளுக்குப் பிறகும் நம்பிக்கையாகவே நின்றது.

தடைச் சட்டம் ஒன்றே தீர்வாகுமா என்பதும் சிந்திக்க வேண்டியதே. கொலை வழக்கில் 2006-ல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு மத்திய நிலக்கரித் துறை அமைச்சர் பதவியை இழந்த சிபு சோரனை, மறு ஆண்டே தில்லி உயர் நீதிமன்றம் விடுவித்தது. தண்டனைக்குப் பிறகே நிலைமை இவ்வாறு மாறக்கூடும் என்றால், கைது என்பதை மட்டும் அளவுகோலாக்குவதில் உள்ள அபாயம் கண்கூடு.

2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான 130-வது அரசியல் சட்டத் திருத்த மசோதா எதிர்ப்பைச் சந்தித்ததும் இதனால்தான். ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து 30 நாள்கள் காவலில் இருந்தால் பிரதமர், முதல்வர், அமைச்சர் எவராயினும் பதவியிழப்பர் என்றது அந்த மசோதா. விசாரணை அமைப்புகளைக் கையில் வைத்திருக்கும் அரசு இதைத் தவறாகப் பயன்படுத்தும் என எதிர்க்கட்சிகள் வாதிட்டன. மசோதா கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

ஆனால், பதவியிலிருந்து இறக்குவதைப் பற்றியே அந்த மசோதா பேசியது. பதவியில் ஏற்றுவதைப் பற்றி அல்ல. அதற்கான வழி நாடாளுமன்ற மரபிலேயே இருக்கிறது. புதிய அமைச்சர்களைப் பிரதமர் அவைக்கு அறிமுகம் செய்து வைப்பது வழக்கம். பெயரும் துறையும் மட்டுமே கூறப்படும் அச்சடங்கு சில நிமிடங்களில் முடிந்து விடும். 2021 ஜூலையில் எதிர்க்கட்சிகளின் கூச்சலால் அதுவும் முறையாக நடைபெறவில்லை.

அந்தச் சில நிமிடங்களைப் பயனுள்ளதாக்கலாம். ஒவ்வொரு புதிய அமைச்சர் மீதும் நிலுவையில் உள்ள வழக்குகள், அவற்றின் கட்டம், ஏற்கும் துறையுடன் அவருக்கோ அவரது குடும்பத்தினருக்கோ உள்ள தொழில் தொடர்புகள், அவற்றை அறிந்தும் அவரைத் தேர்ந்ததற்கான காரணம் ஆகியவை அடங்கிய அறிக்கையைப் பிரதமர் அவையில் தாக்கல் செய்யலாம். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை பிரதமரிடமே இருக்கும். நிரபராதி எவரும் பதவியிழக்க மாட்டார்.

மக்களின் விழிப்புணர்வை நம்பியே அரசியல் சட்டம் இந்த இடத்தை வெற்றிடமாக விட்டது. விழித்திருப்பவர்களுக்குத் தகவல் தர வேண்டாமா?