உள்ளானுக்கு இரண்டு விரற்கடை தண்ணீர்

சைபீரியாவிலிருந்து கோடியக்கரைக்கு வரும் கரையோரப் பறவைகள் குறைந்துவருகின்றன. அவற்றைக் காக்க சரணாலயப் பலகை மட்டும் போதாது. சதுப்புக்கு நன்னீரும் வேண்டும்.

ஒரு கோழி முட்டையின் எடையில் பாதிதான் இருக்கும் கொசு உள்ளான். ஆர்க்டிக்கை ஒட்டிய சைபீரிய வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே குளிர் இறுகுவதற்குள் கிளம்பி, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரைக்கு வந்து சேருகிறது. ஆகஸ்டில் தொடங்கும் வரவு மழைக்காலம் முழுக்க நீடிக்கும். மார்ச், ஏப்ரலில் மீண்டும் வடக்கே பயணம்.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குக் கோடிக்கரை என்றால் பூங்குழலியும் புதைசேறும் நினைவுக்கு வரும். அந்தச் சேறுதான் பறவைகளுக்குச் சோறு போடுகிறது. தெற்கு நோக்கி ஓடிவரும் சோழமண்டலக் கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. அதன் பின்னால் முத்துப்பேட்டை வரை விரிந்து கிடக்கிறது வேதாரண்யம் சதுப்பு. வடகிழக்குப் பருவமழையும் காவிரியின் கடைமடை வடிகால்களும் அதை நிரப்புகின்றன. மழை ஓய்ந்ததும் நீர் மெல்ல வடிய, சேறு வெளியே தெரிகிறது. புழு, சிறு இறால், பூச்சிகளின் இளம்புழு என்று விருந்து தயார்.

இந்தப் பந்தியில் அடிதடி குறைவு. அலகின் நீளத்துக்கு ஏற்பப் பங்கு பிரிந்துவிடுகிறது. குட்டை அலகு உப்புக்கொத்தி சேற்றின் மேல்பரப்பில் கண்ணில் பட்டதைக் கொத்தும். வளைமூக்கு உள்ளான் இன்னும் சற்று ஆழத்தில் துழாவும். நெடிய காலுடைய பூநாரை ஆழ நீரில் நின்று அரித்துத் தின்னும். ஆனால் கொசு உள்ளானுக்குக் கால் குட்டை. இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் ஏறினால் அதற்கு அன்று பட்டினிதான்.

காலில் ஒரு வளையம்

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியவந்ததே ஒரு தனிக் கதை. 1957-இல் கர்நாடகத்தின் மலைக்காடுகளில் கியாசனூர் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. கிருமியைப் பறவைகள் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் தலைமையில் 1959-இல் வலசை ஆய்வைத் தொடங்கியது. பிடித்த பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, மீண்டும் பறக்கவிடும் வேலை.

இதில் கை கொடுத்தவர்கள் பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தினர். பரம்பரையாகக் கண்ணி வைத்துப் பறவை பிடித்தவர்கள். சந்தைக்குப் போன கைத்திறன் விஞ்ஞானத்துக்கு வந்தது. 1980-களில் கோடியக்கரை இந்த ஆய்வின் முக்கியத் தளமாயிற்று. வளையமிட்ட பறவைகளில் சில, ஆண்டுகள் கழித்தும் இதே சதுப்பில் மீண்டும் சிக்கின. வழியை மட்டுமல்ல, இடத்தையும் அவை மறப்பதில்லை என்பது உறுதியானது.

எண்ணிக்கைதான் அப்படியே இல்லை. அன்று வானத்தை மறைத்த கூட்டங்கள் இன்று பெரிதும் சுருங்கிவிட்டன. அக்காலத்தில் இங்கே தென்பட்ட கரண்டிமூக்கு உள்ளான், உலக அளவிலேயே அழிவின் விளிம்பில் நிற்கிறது.

உப்பும் உயிரும்

காரணம் ஒன்றல்ல. காவிரியில் நீர் குறைய, சதுப்புக்கு வரும் நன்னீரும் குறைந்தது, உப்புத்தன்மை ஏறியது. அளவுக்கு மீறி உப்பு ஏறினால் புழுக்களே மடியும். சீமைக்கருவேலம் பரவியது. கண்ணியும் வலையும் வைத்துக் கறிக்காகப் பிடிப்பதும் நடந்தது.

உப்பளங்களின் பங்கு சிக்கலானது. 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறியது இந்த வேதாரண்யத்தில்தான். உப்பு இங்கே வரலாறு. பல குடும்பங்களுக்குப் பிழைப்பும்கூட. ஆழமற்ற சிறு பாத்திகளில் பறவைகளும் இரை தேடும். ஆனால் பெரிய உப்பளங்களுக்காகக் கடல்நீரை இறைத்துத் தேக்கும்போது சேற்றுப்பரப்பு ஆழநீரில் மூழ்கிவிடுகிறது. பூநாரை சமாளிக்கும். உள்ளான் என்ன செய்யும்?

கோடியக்கரை மட்டும் தவிக்கவில்லை. 2024-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் வளைமூக்கு உள்ளானின் நிலையை ஒரு படி கீழிறக்கியது. 1995-இல் மொராக்கோவில் கடைசியாகக் காணப்பட்ட, மெல்லிய அலகுடைய ஒரு கர்லூ இனம் 2025-இல் முற்றாக அழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மீட்க முடியுமா?

சட்டத்துக்குக் குறைவில்லை. 1967-இல் சரணாலயம். 2002-இல் ராம்சர் அங்கீகாரம். சுமார் 385 சதுர கிலோமீட்டர் பரப்பு. இருபது ஆண்டுகள் தமிழகத்தின் ஒரே ராம்சர் தலம் இதுவாகவே இருந்தது. 2022-க்குப் பின் பள்ளிக்கரணை, கழுவேலி என்று பட்டியல் நீண்டு, 2025-இல் 20 ஆனது. வேறெந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை.

ஆனால் பலகை நட்டால் சேறு ஊறாது. அதற்கு வழிகாட்டும் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. முத்துப்பேட்டையில் வெட்டப்பட்ட அலையாத்திக் காடு மொட்டையாகி, மண் உப்புப் பாரித்துக் கிடந்தது. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களுடன் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதநீர் போய் வந்தது, உப்பு கரைந்தது, காடு தழைத்தது. நீரோட்டத்தைச் சரிசெய்தால் மற்றதை இயற்கையே பார்த்துக்கொள்ளும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை. திறந்த சேற்றுவெளியைத் தரிசு என்று நினைத்து அங்கேயும் மரம் நட்டால், உள்ளானின் பந்தியில் மண் விழும். காட்டுக்குக் காடு, சேற்றுக்குச் சேறு. வடிகால்களைத் தூர்வாரி நன்னீர் விடுவது, வலசைப் பருவத்தில் உப்பளத் தேக்கங்கள் சிலவற்றில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைப்பது, வேட்டையாடியவர்களுக்கே காவல் வேலை கொடுப்பது: இவை எதுவும் ஆகாத காரியமல்ல.

சைபீரியாவிலிருந்து வழி தவறாமல் வருகிறது அந்தச் சின்னப் பறவை. இறங்கும் இடத்தில் அதற்கு இரண்டு விரற்கடை தண்ணீர் இருக்க வேண்டும். அது மனிதர்கள் கையில் இருக்கிறது.