இடது காலில கொஞ்சம் பாரம் குடுங்க

கண்டியில் சமதரை என்று சொல்ல வாவிக்கரைதான் இருக்கிறது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்து ஆக்கிய வாவி. சுற்றி நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட வரும். பாரிசவாதம் வந்து தேறியவர்கள் காலையில் நடந்து பழக ஏற்ற இடம். ஒரு கை மார்போடு மடங்கியிருக்கும். கால் அரைவட்டமாகச் சுழன்று முன்னே வரும். மகளோ மருமகனோ ஓரடி பின்னால் வருவார்.

ஆனால் வீடு வாவிக்கரையில் இல்லையே. மஹியாவைச் சந்துக்கும் ஹந்தானைத் தோட்டத்து லய வீட்டுக்கும் ஏற்றம் ஏறித்தான் போகவேண்டும். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத் தோட்டங்களில் மழை அரித்த மண்படிகள்தான் வீதி.

நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்திலும் மூட்டிலும் இருந்து வரும் உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பாரிசவாதத்துக்குப் பிறகு பாதத்தின் செய்தி மங்கிப்போனவர்கள் கண்ணை நம்பியே நிற்கிறார்கள். பகலில் சமாளித்துவிடுவார்கள். இரவில், லயத்துக்கு வெளியே இருக்கும் மலசலகூடத்துக்குப் போகக் கதவைத் திறந்ததும் கண்ணும் கைவிட்டுவிடுகிறது. இடுப்பெலும்பு முறிவதற்கு அந்த ஒரு நொடி போதும். வீட்டார் அதன்பின் அவரைக் கட்டிலைவிட்டு எழ விடமாட்டார்கள். அன்பினால்தான். ஆனால் உட்கார்ந்தே இருக்கும் உடம்பு சமநிலையை இன்னும் வேகமாக இழக்கிறது.

திரையில் தெரியும் காட்சிக்கேற்ப உடலை அசைத்துப் பழகும் மெய்நிகர் பயிற்சி கைகொடுக்கக்கூடிய இடம் இதுதான். 2007இல் நின்டெண்டோ நிறுவனம் ஒரு விளையாட்டுப் பலகையை வெளியிட்டது. பார்க்க நிறை பார்க்கும் தராசுபோல இருக்கும். நான்கு மூலையிலும் நான்கு உணரிகள். அதில் ஏறி நின்றால் உடலின் பாரம் எந்தப் பக்கம் விழுகிறது என்பது திரையில் ஒரு புள்ளியாக நகரும். ஆய்வுக்கூடங்களில் இருக்கும் விலைகூடிய விசைத்தட்டோடு 2010இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, இந்த விளையாட்டுப் பலகையின் அளவீடு அதற்கு ஈடாகவே இருந்தது.

பாரிசவாதக்காரர் பலர் தம்மை அறியாமலே நல்ல காலில்தான் முழுப் பாரத்தையும் போட்டு நிற்பார்கள். “மற்றக் காலிலும் ஊன்றுங்கள்” என்று நூறு தடவை சொல்லியும் நடக்காத ஒன்று, திரையில் வரும் பந்தைத் தலையால் முட்டப்போகும் அவசரத்தில் தானாக நடந்துவிடும். உடல் சாய்கிறது, பலவீனமான கால் பாரம் வாங்குகிறது, பந்து படுகிறது. உடனே இன்னொன்று. வலது மூளை பாதிக்கப்பட்டு இடப்பக்க உலகையே கவனிக்காமல் விடுபவருக்கு, பந்தை இடப்பக்கமாகவே வரவைக்கலாம்.

இதை மந்திரக்கோல் என்று நான் விற்கமாட்டேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017இல் பாரிசவாதத்துக்கான மெய்நிகர் பயிற்சி பற்றிய 72 ஆய்வுகளை, 2470 நோயாளர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கை இயக்கத்தில், வழக்கமான பயிற்சியின் இடத்தில் இதை வைத்தால் கூடுதல் பயன் இல்லை. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பயன் உண்டு. சமநிலையைப் பற்றி முடிவு சொல்ல அன்று சான்று போதவில்லை. கனடா, ஆர்ஜென்டீனா, பெரு, தாய்லாந்து நாடுகளில் 141 பேருடன் நடந்து 2016இல் வெளியான சோதனையில், கைக்கு வீடியோ விளையாட்டு ஆடியவர்களும் சீட்டுப் போன்ற எளிய விளையாட்டுகள் ஆடியவர்களும் ஒரேயளவு தேறினார்கள். எனக்கு இது ஏமாற்றமான செய்தி அல்ல. மூளையைத் திருப்பிப் பழக்குவது கருவியின் விலை அல்ல, பயிற்சியின் எண்ணிக்கை என்றுதான் இதை வாசிக்கிறேன். வைத்தியசாலையில் கிடைக்கும் சிறுபொழுதை நீட்டித் தருகிற எதுவும் நமக்கு வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. சமநிலையை அளக்கப் பேர்க் அளவுகோல் என்று இயன்மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த ஒன்று 1989இலிருந்து இருக்கிறது. 14 செயல்கள், மொத்தம் 56 புள்ளிகள். கதிரையிலிருந்து எழுவது, கண்மூடி நிற்பது, நிலத்தில் கிடக்கும் பொருளை எடுப்பது, ஒரு சிறு மேடையில் கால்களை மாறி மாறி வைப்பது. எல்லாமே சமதரையில்! அதில் நல்ல புள்ளி எடுத்தவர் கலஹாவில் ஈரப் படியில் இறங்கும்போது தடுமாறலாம். விளையாட்டுப் பலகையோடு வந்த திரைக்காட்சியோ பனிச்சறுக்கு மலை. நம் நோயாளர் பார்க்கவேண்டியது லயத்து வாசலிலிருந்து பீலிக்கரைக்கு இறங்கும் பாதையை, அதுவும் அந்தி மங்கும் நேரத்தில். ஒரு சுற்றுப்படக் கமராவால் எடுத்துவிடக்கூடிய காட்சி அது.

இதற்கான ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. மஹியங்கனை வீதியில் திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் புசல்லாவையிலிருந்து திகனவுக்குப் போக கம்பளை வழியாகக் கண்டிக்கு வந்து, அங்கே பஸ் மாறவேண்டும். கூட வருபவரின் நாட்சம்பளமும் போகும். வாரம் மூன்று தடவை இது யாரால் முடியும்? அதனால் கருவிதான் மலையேறவேண்டும். வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளூட்டோ’ ஒரே மோட்டாரில் பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, திரையில் விளையாடிக்கொண்டே கையைப் பழக்கும் சிறு கருவி. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கைக்கு முடிந்தது காலுக்கும் முடியும். தோட்ட வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, ஒரு திரை, வாரத்தில் குறித்த நாளில் வரும் ஓர் இயன்மருத்துவர்: நான் கேட்பது இவ்வளவுதான்.

அந்த இயன்மருத்துவர் இல்லாமல் பலகையைத் தொடக்கூடாது. பலகைக்குப் பதில் தலையில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடி என்றால் இன்னும் கவனம். போட்டதும் தன் பாதம் தனக்கே தெரியாது, சிலருக்குத் தலைசுற்றிக் குமட்டும். பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால், இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி ஒருவர் நிற்கவேண்டும். அவர் பேசுவதும் கேட்பவருக்குப் புரியும் தமிழில் இருக்கவேண்டும்: “பயப்படாதீங்க ஐயா, நான் புடிச்சிருக்கேன். இடது காலில கொஞ்சம் பாரம் குடுங்க. இன்னும் கொஞ்சம்.”