சோளத்தை உறிஞ்சும் சுடுமல்லி

பசித்த மண்ணில்தான் இந்தக் களைக்குக் கொண்டாட்டம். யூரியா போட்டால் அடங்கும். ஆனால், மழையை மட்டுமே நம்பியிருக்கும் விவசாயி எந்தத் தைரியத்தில் போடுவார்?

பார்க்கச் சாதுவான செடி. முழங்காலுக்கும் கீழான உயரம், வெள்ளையாகச் சின்னஞ்சிறு பூக்கள். ஆனால் சோளக் கொல்லையில் இது தலைகாட்டினால் விவசாயியின் வயிற்றில் புளி கரையும். பூ தெரியும்போது திருட்டு ஏறக்குறைய முடிந்துவிட்டிருக்கும். ஸ்ட்ரைகா என்று விஞ்ஞானிகளும் சுடுமல்லி என்று தமிழக விவசாயிகளும் அழைக்கும் இந்த ஒட்டுண்ணி, சோளத்தின் வேரில் பல்லைப் பதித்து நீரையும் சத்தையும் உறிஞ்சியபடி பல வாரங்கள் மண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். மேலே ஈரம் இருந்தும் பயிர் வாடி நிற்கும்.

ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் போனால் வருவது பட்டான்செரு. 1972இல் இங்கு துவங்கப்பட்ட சர்வதேச வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி மையம் (இக்ரிசாட்) ஆரம்ப வருடங்களிலேயே இந்தக் களையோடு மோத வேண்டியிருந்தது. காரணம், 1964இல் வெளியான நாட்டின் முதல் வீரிய ஒட்டுச் சோளம் சி.எஸ்.எச்.1. விளைச்சலில் புலி; சுடுமல்லியிடம் மட்டும் பூனை. எந்த ரகம் தாக்குப்பிடிக்கிறது என்று சோதிக்கும்போது, பக்கத்திலேயே 'பலியாடாக' விதைக்கப்பட்டது இந்த சி.எஸ்.எச்.1தான். அந்தச் சோதனைகளின் பலனாக 1985இல் எஸ்.ஏ.ஆர்.1 என்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகம் வந்தது.

ரகம் ஒரு பக்கம் இருக்கட்டும். சுடுமல்லியின் உண்மையான பலவீனம் தழைச்சத்து. இதன் விதை தூசு போன்றது. கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் கொட்டும். பத்து வருடத்துக்கு மேல்கூட மண்ணில் காத்துக் கிடக்கும். முளைக்க அதற்கு ஓர் அழைப்பு வேண்டும். அதை அனுப்புவது சோளமேதான். தழைச்சத்தோ மணிச்சத்தோ போதாதபோது சோள வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ரசாயனத்தைக் கூடுதலாகக் கசியவிடுகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 2007இல் சோளத்தில் இதை உறுதி செய்தார்கள். வேருக்கு உதவும் பூஞ்சைகளைத் துணைக்கு அழைக்கத்தான் பயிர் குரல் கொடுக்கிறது. அந்தக் குரலைக் கேட்டுத் திருடனும் எழுந்து வருகிறான். தழைச்சத்து கிடைத்த பயிர் அவ்வளவாகக் கூவுவதில்லை.

அப்படியானால் யூரியா போட வேண்டியதுதானே? சிக்கல் அங்கேதான். மானாவாரிச் சோளத்துக்குத் தமிழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து. 46 சதவீதச் சத்துள்ள யூரியாவில் சுமார் 87 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டு. மானியத்தில் பெரிய தொகை அல்ல. ஆனால் மழை ஏமாற்றினால் அத்தனையும் நஷ்டம். அதனால் மழையைப் பார்த்துவிட்டு, பயிர் நின்ற பிறகு மேலுரமாக இடுவதே விவசாயியின் வழக்கம். சுடுமல்லியோ முதல் சில வாரங்களிலேயே வேரைப் பிடித்துவிடும். தாமதமாகப் போடும் உரம் பாதித் திருடனுக்கு. கொஞ்சமாகப் போட்டாலும் பலன் நிச்சயமில்லை. முன்கூட்டியே தாராளமாகப் போட்டாலோ மற்ற களைகள் பயிரை முந்திக்கொண்டு செழிக்கும். முதல் களை எடுக்காத கொல்லையில் யூரியா இடுவது களைக்கு விருந்து வைப்பதுதான். யாரும் விவசாயியைக் குறை சொல்லிவிட முடியாது. அவர் கணக்கு வானத்தைப் பார்த்துப் போடும் கணக்கு.

2,4-டி என்ற களைக்கொல்லி, வெளியே தலைநீட்டிய சுடுமல்லியைக் கொல்லும். ஆனால் தக்காணத்தில் சோளத்துக்கு நடுவே துவரை போடுவது பரம்பரை வழக்கம். அகன்ற இலைப் பயிரான துவரைக்கும் அந்த மருந்து எமன். பூக்கும் முன் கையால் பிடுங்கினால் இந்த வருடப் பயிர் தப்பாது, அடுத்த வருட விதையாவது குறையும். தமிழகத்தில் கரும்புக்கும் இதே தொல்லை உண்டு. அங்கே வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழிகளில் ஒன்று சுவாரசியமானது: 20 சதவீத யூரியாக் கரைசலை நேராகச் சுடுமல்லியின் மேல் படும்படி தெளிப்பது. மண்ணில் தடுக்கும் தழைச்சத்து, இலையில் பட்டால் கருக்கிவிடுகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. பருத்தி வேரும் அந்த அழைப்பை அனுப்பும். 1966இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்ட்ரைகாலை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே பருத்தி வேர்க் கசிவிலிருந்துதான். ஆனால் முளைத்து வரும் சுடுமல்லியால் பருத்தியில் ஒட்ட முடியாது, பட்டினியில் சாகும். தெலங்கானாவின் மானாவாரி நிலங்களில் சோளத்தை ஓரம்கட்டிவிட்டு இன்று பரந்து நிற்பது இதே பருத்திதான். விலைக்காகப் போட்ட பயிர் அது. சுடுமல்லியை நினைத்து அதை விதைத்தவர் அனேகமாக யாரும் இல்லை.