சட்டகத்தோடு பேசும் பக்கம்



இணையத்தளம் ஒன்றின் தலைப்புப் பட்டையும் அடிப்பகுதியும் எல்லாப் பக்கங்களிலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதாமல் ஒரே இடத்தில் எழுதி வைக்கும் சட்டகத்தை லேஅவுட் என்கிறோம். ஜாவா மொழியில் அமைந்த அப்பாச்சி டேப்பெஸ்ட்ரி என்னும் கட்டமைப்பில் இதனைப் பயன்படுத்தும்போது எழும் ஐயம் ஒன்றை இன்று காண்போம்.

நூலகத் தளம் ஒன்றை எண்ணிக் கொள்ளுங்கள். வாசகர் இரவல் பெற்ற நூல்களின் எண்ணிக்கை தலைப்புப் பட்டையில் தெரிகிறது. அவர் இன்னொரு நூலைத் தேர்ந்து பொத்தானை அழுத்துகிறார். பதிவு முடிந்துவிட்டது, மேலேயோ பழைய எண்ணே நிற்கிறது. பதிவாகவில்லை போலும் என்று அவர் மீண்டும் அழுத்துவார். பொத்தான் இருப்பது பக்கத்தில். எண் இருப்பது லேஅவுட்டில். பக்கம் எவ்வாறு லேஅவுட்டை எட்டுவது?

திரையில் பார்த்தால் லேஅவுட்தான் பக்கத்தைச் சூழ்ந்திருக்கிறது. ஆனால், நிரலுக்குள் நிலைமை நேர்மாறானது. பக்கமே தலைவன், லேஅவுட் அதற்குள் அடங்கிய ஓர் உறுப்பு. இந்த ஒன்றை உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது. தனக்குரிய உறுப்பைத் தலைவன் கேட்டுப் பெறலாம் அல்லவா?

கேட்கும் முறை எளியது. பக்கத்தின் வார்ப்புருவில் லேஅவுட்டுக்கு ஓர் அடையாளப் பெயர் இடுகிறோம். பக்க வகுப்பில் அதே பெயரில், லேஅவுட் வகையைச் சேர்ந்த ஒரு மாறியை அறிவித்து, அதன்மேல் 'இன்ஜெக்ட் காம்பொனன்ட்' என்னும் குறிப்பை எழுதுகிறோம். மற்றதை டேப்பெஸ்ட்ரி பார்த்துக் கொள்ளும். 'நியூ' என்று எழுதி நாமே ஒரு லேஅவுட்டை உருவாக்க முயலக் கூடாது. உறுப்புகளை உருவாக்குவது டேப்பெஸ்ட்ரியின் பொறுப்பு.

பிறகு, எண் காட்டும் இடத்தை லேஅவுட்டில் ஒரு 'ஸோன்' ஆக்கி, அதனைத் திருப்பித் தரும் பொது மெத்தட் ஒன்றை லேஅவுட் வகுப்பில் எழுதுகிறோம். பொத்தான் ஏஜாக்ஸ் முறையில் இயங்குமாயின், பக்கம் அந்த ஸோனைப் பெற்று 'ஏஜாக்ஸ் ரெஸ்பான்ஸ் ரெண்டரர்' என்னும் சேவையிடம் ஒப்படைக்கிறது. முழுப் பக்கமும் மறுபடி வராமலே எண் மட்டும் புதிதாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சாதாரணப் படிவத்தை அனுப்பும்போது, டேப்பெஸ்ட்ரி வேலையை முடித்துவிட்டு உலாவியை மறுபடி பக்கத்தைக் கேட்கச் சொல்கிறது. முதல் கோரிக்கையில் லேஅவுட்டின் மாறியில் நாம் வைத்த மதிப்பு இரண்டாம் கோரிக்கைக்குள் அழிந்துவிடும். அது நிலைக்க வேண்டுமானால் 'பெர்சிஸ்ட்' என்னும் குறிப்பு தேவை. அதனினும் நன்று, எண்ணை லேஅவுட்டே தரவுத்தளத்திலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்டறிவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்தின் தலைப்பை மட்டும் லேஅவுட்டுக்குத் தெரிவிக்க இவ்வளவு பாடு வேண்டியதில்லை. வார்ப்புருவிலேயே ஒரு பாராமீட்டராகக் கொடுத்துவிடலாம். கடிதம் போதுமான இடத்தில் நேரில் சென்று கதவைத் தட்டுவானேன்?

ஆகவே நேயர்களே, கொடுக்க மட்டுமே வேண்டியிருந்தால் பாராமீட்டர். லேஅவுட்டை ஒரு செயல் செய்யச் சொல்ல வேண்டியிருந்தால் இன்ஜெக்ட் காம்பொனன்ட். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், நம் வாசகர் அந்தப் பொத்தானை இரண்டாம் முறை அழுத்த நேராது.