புழுங்கல் அரிசி தந்த ஆய்வுப் பாடம்

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பின்தங்குகிறார்களா? என் இறுதியாண்டு ஆய்வின் கேள்வி இதுதான். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக ஜொகூருக்குப் படிக்க வந்த எனக்கு, இது வெறும் ஆய்வன்று. திரட்டிய தகவலில் தேசிய தொடக்கப்பள்ளி மாணவர்களின் சராசரி சற்று உயர்ந்திருந்தது. மனம் சோர்ந்தேன். விரிவுரையாளரோ, "இவர்களில் எத்தனை பேர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள்?" என்றார். அந்தக் கேள்வி என் வினாநிரலில் இல்லவே இல்லை.

என் பிழை என்ன? நூறாண்டுக்கு முந்திய மலாயா அதற்கு விடை சொல்கிறது. அன்று பெரிபெரி நோய் ஈயச் சுரங்கச் சீனர்கள் பலரின் உயிரைப் பறித்தது. தமிழ்த் தொழிலாளர்களை அது அதிகம் தொடவில்லை. காரணம் இனமா, வேலையா, குடியிருப்பா? சீனர்கள் தீட்டிய பச்சரிசியும் தமிழர்கள் புழுங்கல் அரிசியும் உண்டனர். எல்லா வேறுபாடுகளும் பின்னிக் கிடந்தன.

1905-ஆம் ஆண்டு டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அந்தச் சிக்கை அவிழ்த்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படையினரை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படையினரை அதே போன்ற மற்றொன்றிலும் தங்கவைத்தார். அரிசி மட்டுமே வேறு. இடம்தான் காரணமோ என்ற ஐயம் தீர, இடையில் கட்டடங்களையும் மாற்றினார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய்; அதனால் எவரும் இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னாளில் தெளிவானது.

நாம் ஆராயாத, ஆனால் முடிவைப் பாதிக்கக்கூடிய எதுவும் புற மாறி. தேர்வு அறையின் இரைச்சல் இரு குழுவுக்கும் ஒன்றாக இருந்தால் ஒப்பீடு ஒரு பக்கம் சாயாது. அப்புற மாறி ஒரு குழுவோடு மட்டும் ஒட்டிக்கொண்டால் அது குழப்பும் மாறி ஆகிறது. அதன் வேலையை நாம் வேறொன்றின் கணக்கில் எழுதிவிடுவோம். தோட்டமும் குடும்ப வருமானமும் தமிழ்ப்பள்ளியோடு அப்படி ஒட்டியிருக்கலாம்.

மாணவர்களை நான் பள்ளிகளுக்குப் பங்கிட முடியாது. ஆனால் வளர்ந்த இடம், வருமானம், பெற்றோர் கல்வி ஆகியவற்றைக் கேட்டு, ஒத்தவரை ஒத்தவரோடு ஒப்பிடலாம். புதிய வினாநிரல் தயார். அப்போதும் இடைவெளி இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுவேன். அதுவரை யாராவது "தமிழ்ப்பள்ளிதான் காரணம்" என்றால், "யாரை யாரோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள், நண்பர்களே.