கலெக்டர் ஆபீஸ் போகும் வழியில்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கிளம்பி, சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றைத் தாண்டினால் கொக்கிரகுளம். அங்கேதான் கலெக்டர் ஆபீஸ். சாலையின் ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் தாமிரபரணி. 1999 ஜூலை 23 அன்று அந்தச் சாலையில் வந்த ஊர்வலத்தின் மீது தடியடி தொடங்கியபோது, ஜனங்கள் ஓடுவதற்கு மிச்சமிருந்தது ஆறு மட்டும்தான். 17 பேர் செத்தார்கள். அவர்களில் இருவர் பெண்கள். ஒரு பிள்ளைக்கு வயது இரண்டு.

அவர்கள் கேட்டு வந்தது பெரிய விஷயமில்லை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 வருடக் குத்தகையில் நடத்தி வந்தது. தினக்கூலியை 150 ரூபாயாக்க வேண்டும் என்று தொழிலாளர்கள் போராடினார்கள். 652 பேரைப் பிடித்துத் திருச்சி சிறையில் அடைத்தார்கள். அவர்களை விடுவிக்கச் சொல்லி மனுக் கொடுக்கத்தான் புதிய தமிழகம் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி தலைமையில் அந்த ஊர்வலம் வந்தது. த.மா.கா.வினரும் இடதுசாரிகளும் கூட வந்தார்கள்.

விசாரிக்க ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ்.மோகன் நியமிக்கப்பட்டார். போலீஸ் நடவடிக்கையில் தவறில்லை என்பதே அவர் ஆணையத்தின் முடிவு. பெரும்பாலானவர்கள் நீரில் மூழ்கி இறந்தவர்கள் என்ற விவரம் அந்த முடிவுக்குத் தோள் கொடுத்தது. மரணத்துக்குக் காரணம் மூழ்கியது, சரி. ஜனங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏன் ஆற்றுக்குள் இறங்கினார்கள்? தண்ணீருக்குள் நின்றவர்களையும் போலீஸார் விரட்டியதைக் காட்டும் காட்சிகளைத் தொகுத்து ஆர்.ஆர்.சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். அறிக்கையை விட அந்தப் படத்தைத்தான் ஊர் நம்பியது. இன்றும் ஒவ்வொரு ஜூலை 23 அன்றும் கட்சிக் கொடிகளோடு வருகிறவர்கள் ஆற்றில் பூப்போட்டுவிட்டுப் போகிறார்கள்.

போலீஸ் நடவடிக்கையில் உயிர் போனதும் கிளம்பும் விவாதத்தைக் கவனித்தால் ஒன்று பிடிபடும். பேச்சு முதலில் செத்தவர்களைப் பற்றியே நடக்கிறது. அவன் யார், எதற்கு அங்கே போனான், கல் எறிந்தானா, யார் தூண்டிவிட்டது? துப்பாக்கியோ தடியோ பிடித்திருந்தவரைப் பற்றிய கேள்வி தாமதமாகத்தான் வருகிறது. வராமலே போவதும் உண்டு.

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1908 மார்ச் 12 அன்று, கலெக்டர் விஞ்ச் அழைத்துப் பேசிய கையோடு வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. கடைகள் மூடின, கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் தபால் ஆபீஸும் மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த நேரத்தில் வ.உ.சி.யும் சிவாவும் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார்கள். ஆனாலும் ஜூலையில் தீர்ப்பளித்த நீதிபதி பின்ஹே, கலவரத்தை அடக்கும்போது போன உயிர்களுக்குத் தார்மீகப் பொறுப்பு இவர்களுடையதே என்றார். கலவரத்துக்குத் தண்டனையாகத் தண்டப் போலீஸ் வந்து இறங்கியது. அதற்கான செலவை ஊர்மக்களே வரியாகக் கட்டினார்கள். சுட்டவர்களுக்கான சம்பளத்தைச் சுடப்பட்டவர்களின் ஊர் கொடுத்தது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி இந்த எழுச்சியைப் பற்றி எழுதிய நூலுக்கு 2024-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதன் பிறகாவது கட்டபொம்மனையும் வாஞ்சியையும் மட்டுமே அறிந்திருந்த பலருக்கு இந்த நான்கு சாவுகள் தெரியவந்தன.

அடுத்தது தூத்துக்குடி. 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த ஊர்; இப்போதும் குடிப்பது தாமிரபரணித் தண்ணீர். ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், 2018 மே 22. கலெக்டர் ஆபீஸை நோக்கிப் பேரணி என்று முன்பே அறிவித்திருந்தார்கள். திடீரென முளைத்த கூட்டம் அல்ல அது. வரும் நாளும் போகும் இடமும் அரசுக்குத் தெரியும். முந்தின நாள் 144 போடப்பட்டது. பனிமய மாதா கோயில் பக்கத்திலிருந்து கிளம்பிய கூட்டம் தடைகளைத் தாண்டி வந்தது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. அங்கும், எஃப்.சி.ஐ. ரவுண்டானாவிலும், திரேஸ்புரத்திலும், மறுநாள் அண்ணா நகரிலும் போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தார்கள். ஒரு மாணவிக்கு வயது 17. திரேஸ்புரத்தில் செத்த பெண் பேரணிக்கே போகாதவர். மகள் வீட்டுக்கு மீன் கொண்டுபோனவர்.

அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க இரண்டாகப் பிரிந்து பேசியது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வேன் கூரையில் ஏறி நின்று குறிபார்க்கும் வீடியோ கைக்குக் கை பரவியது. இதுவா கூட்டத்தைக் கலைக்கும் முறை என்று ஒரு பக்கம் கேட்டது. கலெக்டர் ஆபீஸுக்கே தீ வைக்க வந்தால் போலீஸ் வேறென்ன செய்யும் என்று மறுபக்கம் கேட்டது. மருத்துவமனைக்கு ஆறுதல் சொல்லப் போன ரஜினிகாந்த்தைப் பார்த்து, அடிபட்டுக் கிடந்த ஓர் இளைஞர் “யார் நீங்க?” என்று கேட்டது தனிக் கதையானது. போராட்டத்துக்குள் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள், அவர்கள்தான் முதலில் போலீஸைத் தாக்கினார்கள் என்று அன்று அவர் சொன்னது அதைவிடப் பெரிய கதையானது. பின்ஹே 110 வருடங்களுக்கு முன் சொன்னதற்கும் இதற்கும் உள்ளடக்கத்தில் அதிக தூரமில்லை. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த ஆணையம் ரஜினியிடமும் விளக்கம் கேட்டது.

அங்கே போலீஸாருக்குப் பயமே இருந்திருக்காது என்று சொல்வதும் நேர்மையாகாது. ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் வரும்போது வரிசையில் நிற்கும் ஒரு கான்ஸ்டபிளுக்குக் கல் எங்கிருந்து வரும் என்று தெரியாது. தன்னுயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி அவருக்கும் உண்டு. 2025 ஜூலையில் நெல்லை மாவட்டம் பாப்பாக்குடியில் அரிவாளோடு துரத்தியதாகச் சொல்லப்பட்ட சிறுவனை ஒரு எஸ்.ஐ. சுட்டபோது எழுந்த கேள்வி இந்த வகை. அது சில நொடிகளின் கணக்கு. பேரணிகளின் கணக்கு வேறு. அது பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கூட்டத்தைக் கலைப்பதற்குச் சட்டமும் போலீஸ் நிலையாணைகளும் படிகள் வைத்திருக்கின்றன. கலைந்து போகச் சொல்ல வேண்டியவர் நிர்வாக நடுவர் அல்லது பொறுப்பிலுள்ள காவல் அதிகாரி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-வது பிரிவு சொன்னதை 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 148-வது பிரிவு சொல்கிறது. முதலில் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. பிறகு கண்ணீர்ப்புகை, தடியடி. எதற்கும் கட்டுப்படாவிட்டால்தான் துப்பாக்கி. அதுவும் இடுப்புக்குக் கீழே. கூட்டம் பின்வாங்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நியாயமா இல்லையா என்ற கேள்விக்கு விடை இந்தப் படிகளில்தான் கிடக்கிறது. எத்தனை மணிக்கு எச்சரித்தார்கள், யார் உத்தரவிட்டார், அவர் அந்த இடத்தில் நின்றாரா, குண்டு முன்பக்கம் பட்டதா பின்பக்கமா? செத்தவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு இதில் இடமே கிடையாது.

தூத்துக்குடிச் சம்பவத்தை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள், நான்கு வருடங்கள். 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது, அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடும் அளவுக்கு ஆத்திரமூட்டல் எதுவும் இல்லை என்றது. ஆட்சியர் வளாகப் பூங்காவுக்குள் மறைந்து நின்று, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது. ஒரே காவலர் பல இடங்களில் 17 ரவுண்டு சுட்டதைக் குறித்தது. துப்பாக்கிச் சூடு நடந்த இடங்களுக்கு உத்தரவுக் கையெழுத்துப் போட்ட துணை வட்டாட்சியர் நிலை அலுவலர்களையும் விடவில்லை. கலெக்டர் வெங்கடேஷ் அன்று கோவில்பட்டியில் இருந்ததைப் பொறுப்பைத் தட்டிக்கழித்ததாகக் கண்டது. டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதும் உண்மையில்லை, அவருக்கு நிமிடத்துக்கு நிமிடம் தகவல் போயிருக்கிறது என்று எழுதியது.

ஒரே மாதிரி சம்பவத்தில் ஓர் ஆணையம் போலீஸ் பக்கமும் இன்னொன்று மக்கள் பக்கமும் சாய்வது நீதிபதியைப் பொறுத்ததா, ஆட்சியைப் பொறுத்ததா? 1999-ல் சம்பவம் நடந்ததும் தி.மு.க. ஆட்சி, ஆணையம் அமைத்ததும் அதே ஆட்சி. தூத்துக்குடியில் சுட்டது அ.தி.மு.க. ஆட்சியில், அறிக்கை வந்தது தி.மு.க. ஆட்சியில். 2011 பரமக்குடித் துப்பாக்கிச் சூட்டைத் தவிர்க்க முடியாதது என்று சொன்ன சம்பத் ஆணையத்தின் அறிக்கையும் சம்பவம் நடந்த அதே ஆட்சியில்தான் வந்தது. இதை வைத்து நீதிபதிகளை சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆணையத்தின் முன் வரும் காகிதங்கள் யார் கையிலிருந்து வருகின்றன என்று யோசிக்கலாம். வயர்லெஸ் பதிவு, எஃப்.ஐ.ஆர்., தோட்டாக் கணக்கு எல்லாமே போலீஸ் எழுதுவதுதான்.

முதல் விசாரணையோடு எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதும் இல்லை. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் ராணுவம் ஊர்வலத்தின் மீது சுட்டதில் 13 பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். அதை விசாரித்த விட்ஜெரி பிரபு சில வாரங்களிலேயே ராணுவத்தைப் பெருமளவு விடுவித்தார். குடும்பங்கள் விடவில்லை. 1998-ல் சாவில் பிரபு தலைமையில் இன்னொரு விசாரணை. 12 வருடம் நடந்தது. சுட்டதற்கு எந்த நியாயமும் இல்லை என்று அது சொன்னதும் 2010-ல் பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கொக்கிரகுளத்துக்கு அப்படி ஓர் இரண்டாவது விசாரணையை இங்கே எந்த ஆட்சியும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. மாஞ்சோலைத் தோட்டமே இப்போது மூடப்பட்டு, தொழிலாளர்கள் மலையிறங்கச் சொல்லப்பட்டுவிட்டார்கள்.

1952-ம் வருட விசாரணை ஆணையச் சட்டப்படி பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காகப் போலீஸ்காரர் மீது வழக்குப் போடவும் அரசின் முன் அனுமதி வேண்டும். அருணா ஜெகதீசன் ஆணையம் ஐ.ஜி. முதல் காவலர் வரை 17 போலீஸார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை சபைக்கு வந்த சமயம் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் ஓர் இன்ஸ்பெக்டரும் மூன்று காவலர்களும். சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் போராட்டக்காரர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. போலீஸ் தரப்பில் இருந்தது அதே இன்ஸ்பெக்டரின் பெயர் மட்டும். அன்று தென்மண்டல ஐ.ஜி.யாக இருந்தவருக்குப் பிறகு பதவி உயர்வும் கிடைத்தது.