தினமும் 6 மணிக்கு எழுந்திருப்பேன்

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளப் போனால் முதல் வாரத்திலேயே ஒரு பயிற்சி வந்துவிடும்: உங்களுடைய ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். பார்க்க எளிதாகத்தான் இருக்கும். எழுவது, பல் தேய்ப்பது, குளிப்பது, பஸ் பிடிப்பது எல்லாம் பள்ளியிலேயே படித்த சொற்கள். ஆனாலும் பட்டம் வாங்கியவர்கள்கூட இங்கேதான் தடுமாறுகிறார்கள். சொற்கள் கைவசம் இருக்கின்றன; காலம்தான் குழம்புகிறது. அந்த முடிச்சை மெதுவாக அவிழ்த்துப் பார்ப்போம்.

"தினமும் 6 மணிக்கு எழுந்திருப்பேன்." யார் கேட்டாலும் நாம் இப்படித்தான் சொல்வோம். இதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது பலருக்கு வாயில் வருவது 'ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ்'. வேறு சிலர் 'ஐ ஆம் கெட்டிங் அப் அட் சிக்ஸ் டெய்லி' என்பார்கள். வேண்டியதோ 'ஐ கெட் அப் அட் சிக்ஸ்', அவ்வளவுதான். 'வில்' போட்டுச் சொன்னால், நாளைக் காலை 6 மணிக்கு எழப்போவதாகச் சொல்கிறீர்கள் என்றே கேட்பவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்.

நமக்கு ஏன் 'வில்' வருகிறது? 'எழுந்திருப்பேன்' என்பது எதிர்காலம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம், எதிர்காலம் என்றால் 'வில்' என்றும் படித்திருக்கிறோம். ஆனால் தமிழில் அந்த வடிவம் நாளையை மட்டும் சொல்வதில்லை. 'நாளைக்கு வருவேன்' என்கிறோம். 'தினமும் வருவேன்' என்கிறோம். 'சின்ன வயசில் ஆற்றில்தான் குளிப்போம்' என்று பழைய கதையையும் அதிலேயே சொல்கிறோம். மலை நிற்பது, ஞாயிறு இயங்குவது போல முக்காலத்துக்கும் பொதுவான இயல்பை 'செய்யும்' என்ற வாய்பாட்டில் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பிய வினையியலுக்கு உரை எழுதியவர்கள் விளக்கியிருக்கிறார்கள். நம் மொழியின் அழகான வசதி அது. ஆங்கிலம் இந்த வேலைகளைத் தனித்தனி வடிவங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

அடுத்த குழப்பம் பெயரால் வருவது. 'சிம்பிள் பிரசன்ட்' என்றால் நிகழ்காலம், நிகழ்காலம் என்றால் இப்போது நடப்பது என்று நினைக்கிறோம். எல்லோரும் விழும் பள்ளம் இதுதான். நம் தெரு கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். வாசல் பலகையில் 'டாக்டர் மாலை 6 முதல் 8 வரை பார்ப்பார்' என்று எழுதியிருக்கும். காலை 11 மணிக்குப் படித்தாலும் அது உண்மைதான். உள்ளே டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டால், "டாக்டர் பேஷன்ட் பார்த்துக்கிட்டிருக்கார்" என்பார். அது அந்த நேரத்துச் செய்தி. 'சிம்பிள் பிரசன்ட்' வாசல் பலகை. 'ஆம், இஸ், ஆர்' சேர்ந்து 'இங்' முடிவோடு வருவது டோக்கன் பெண்ணின் பதில்.

இப்போது இன்டர்வியூவில் 'வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?' என்று கேட்டால் நமக்குத் தெளிவாகிவிடும். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. 'வாட் இஸ் யுவர் ஃபாதர் டூயிங்?' என்றால் பொதுவாக இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். கொஞ்ச நாளைக்கு மட்டும் இருக்கும் பழக்கத்துக்கும் 'இங்' வரும். சபரிமலைக்கு மாலை போட்டவர் இந்த மாதம் மட்டும் 4 மணிக்கு எழுகிறார் என்றால் 'ஐ ஆம் கெட்டிங் அப் அட் ஃபோர் திஸ் மன்த்' மிகச் சரி.

'இல்லை' என்று சொல்லும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே இலக்கணத்தோடு மரியாதையும் சேர்ந்து கெடும். காபி நீட்டுகிறவரிடம் "நான் காபி குடிக்க மாட்டேன்" என்று புன்னகையோடு சொல்கிறோம். அந்தப் பழக்கம் இல்லை என்று அவருக்குப் புரிகிறது. அதை அப்படியே 'ஐ வோன்ட் டிரிங்க் காபி' என்றால் பிடிவாதமாக மறுப்பது போல ஒலிக்கும். 'ஐ டோன்ட் டிரிங்க் காபி' என்றால் பழக்கத்தை மட்டும் சொன்னதாகும். வெளிநாட்டு மேலாளரோடு பேசுபவர்கள் இந்த ஒன்றையாவது மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அம்மா, அண்ணன் என்று மூன்றாம் ஆளைச் சொல்லும்போது வினையின் கடைசியில் 'ஸ்' சேரும்: 'மை மதர் குக்ஸ்'. போகிறேன், போகிறாள், போகிறார் என்று ஆளுக்கேற்ப வினையை மாற்றிப் பழகிய நமக்கு இது அந்நியமே இல்லை. பழைய ஆங்கிலத்திலும் இப்படி நிறைய விகுதிகள் இருந்தன. நிகழ்கால வினைகளில் இன்று பொதுவாக மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான்.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி' போன்றவை வினைக்கு முன்னால் வரும்: 'ஐ யூஷுவலி வாக்'. 'இஸ்', 'ஆம்' இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஷீ இஸ் ஆல்வேஸ் லேட்'. விட்டுப்போன பழக்கத்துக்கு 'யூஸ்ட் டு' இருக்கிறது. ஆற்றில் குளித்த கதையை 'வீ யூஸ்ட் டு பேத் இன் தி ரிவர்' என்று சொல்லலாம்.

பயிற்சிக்கு உங்கள் நாளைவிட உங்கள் அம்மாவின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எப்போது எழுகிறார், முதலில் அடுப்பில் என்ன வைக்கிறார், எப்போது சாப்பிட உட்காருகிறார் என்று பத்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்த 'ஸ்' வந்தாக வேண்டும், 'வில்' ஒன்றுகூட வரக்கூடாது. தெரியாத நேரம் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.